இடையரின் கணக்கும் வணிகரின் ஈடும்

கதைகள் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து முடிவதில்லை. எழுதியவர் கையைவிட்டு நீங்கிய பின் அவை ஊர் ஊராகச் செல்கின்றன. புகுந்த இடத்தில் ஏவப்படும் வேலைகளையெல்லாம் செய்கின்றன. எழுதியவர் கண்டால் திடுக்கிடத்தக்க வேலைகளும் சில வேளைகளில் அவற்றின் தலையில் சுமத்தப்படுவதுண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜியோனோ 1953-இல் எழுதிய 'மரங்களை நட்ட மனிதன்' என்னும் சிறுகதைக்கு இன்று நேர்ந்திருப்பது ஏறக்குறைய இதுவே.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துக் காற்றில் கரியமில வாயுவைக் கலக்கும் பெருநிறுவனங்கள், தாம் வெளியிட்ட புகைக்கு ஈடாகத் தொலைவிலுள்ள ஏழை நாடுகளில் இத்தனை இலட்சம் மரங்களை நடுவதாகவும், அதனால் அவ்விடத்து மக்களும் வாழ்வு பெறுவதாகவும் விளம்பரம் செய்கின்றன. அவ்விளம்பரங்களில் வரும் படங்களை வாசகர்கள் கண்டிருப்பர். வெறுமையான குன்று ஒன்று. குனிந்து கன்று ஊன்றும் எளிய மனிதர் ஒருவர். அடுத்த படத்தில் பசுங்காடு. இஃது ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் ஜியோனோ தீட்டிய சித்திரமே அன்றி வேறன்று. மரம் நடுதலைப் பற்றி இன்றைய உலகம் காணும் கனவுக்கு உருக்கொடுத்த எழுத்துகளுள் அக்கதைக்குத் தனியிடம் உண்டு. ஆகவே அதனை ஊன்றிப் படித்து, இந்தப் புகைவாணிகத்திற்கு அது சான்று கூறுகிறதா, எதிர்ச்சான்று கூறுகிறதா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை பிறந்த கதை

ஜியோனோ தென்பிரான்சில் மனோஸ்க் என்னும் சிற்றூரில், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1895-இல் பிறந்தவர். 1970-இல் அவ்வூரிலேயே மறைந்தவர். முதல் உலகப் போரில் வெர்தன் களத்தின் கொடுமையை நேரில் கண்டு, அதன் பின் போரை வெறுத்தே வாழ்ந்தவர்.

'ரீடர்ஸ் டைஜஸ்ட்' என்னும் அமெரிக்க ஏடு, தாம் சந்தித்தவர்களுள் மறக்கவொண்ணாத ஒரு மனிதரைப் பற்றி எழுதித் தருமாறு 1953-இல் அவரைக் கேட்டது. எல்ஸேயார் பூஃபியே என்னும் ஆட்டிடையரைப் பற்றி அவர் எழுதி அனுப்பினார். ஏட்டினர் ஆளனுப்பி விசாரித்தனர். அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கோ இறந்ததற்கோ தடயமே இல்லை. எழுத்து மறுக்கப்பட்டது. மறு ஆண்டில் 'வோக்' என்னும் இதழ் அதனை வெளியிட்டது. பின்னர் அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. கனடாவின் ஓவியர் பிரெதரிக் பாக் 1987-இல் அதனை ஓவியத் திரைப்படமாக்கி ஆஸ்கார் பரிசும் பெற்றார்.

1957-இல் அப்பகுதியின் வனத்துறை அதிகாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஜியோனோ உண்மையைத் திறந்து கூறினார். பூஃபியே கற்பனை மனிதரே. மரத்தின்மேல் மக்களுக்கு அன்பு உண்டாக்குவதே தம் நோக்கம் என்றார். அக்கதையை எவரும் கட்டணமின்றி அச்சிடலாம் என்று தாம் விட்டுவிட்டதையும், அதனால் தமக்கு ஒரு காசும் வருவதில்லை என்பதையும், அதனாலேயே அது எழுதப்பட்ட பயனை அடைகிறது என்பதையும் பெருமையோடு குறித்தார். இக்குறிப்பை வாசகர்கள் நினைவில் இருத்துக. நட்டவரும் கூலி பெறவில்லை. நட்டவரைப் படைத்தவரும் கூலி பெறவில்லை. இக்கதையின் அறம் முழுவதும் இந்த ஒரு புள்ளியிலே நிற்கிறது.

கதையின் நயம்

கதைசொல்லி 1913-இல் பிரான்சின் தெற்கேயுள்ள மலைநிலத்தில் நடைப்பயணம் செல்கிறார். நீரற்று, ஆளற்று, காற்று மட்டுமே உறுமும் நிலம். அங்கே 55 வயதுள்ள இடையர் ஒருவரைக் காண்கிறார். ஒரே மகனையும் பின் மனைவியையும் இழந்தவர் அவர். இரவில் ஓக் மரக் கொட்டைகளை மேசைமேல் பரப்பி, விரிசல் கண்டவற்றையும் சிறியவற்றையும் ஒதுக்கி, குறையற்ற 100 கொட்டைகளைப் பொறுக்குகிறார். காலையில் இரும்புக் கோலால் குழியிட்டு அவற்றை ஒவ்வொன்றாக ஊன்றுகிறார். இரண்டு உலகப் போர்கள் வந்து போகின்றன. அவர் ஊன்றிக்கொண்டே இருக்கிறார். வற்றிய ஓடைகளில் நீர் வருகிறது. 1913-இல் மூவர் மட்டுமே எஞ்சியிருந்த வெர்கோன் என்னும் ஊரில் 1945-இல் 28 பேர் வாழ்கின்றனர். இடையர் 1947-இல் முதியோர் இல்லமொன்றில் அமைதியாக இறக்கிறார்.

கதை இவ்வளவே. உணர்ச்சி வெள்ளம் இல்லை, திருப்பங்கள் இல்லை, வசனங்கள் மிகக் குறைவு. எனினும் படித்தோர் பலர் இதனை உண்மை வரலாறு என்றே நம்பினர். அதற்குக் காரணம் ஜியோனோ கையாண்ட எண்களே. ஆண்டுகளையும் வயதுகளையும் மரத்தொகையையும் பேரேடு எழுதுவோர் போல அவர் குறித்துச் செல்கிறார். கற்பனைக்கு மெய்யின் ஆடையை உடுத்துவது எண் என்பதை அறிந்த கலைஞர் அவர். அந்த எண்களைக் கூர்ந்து நோக்கினால்தான் கதையின் உள்ளுரம் விளங்கும்.

இடையரின் கணக்கு

கதைசொல்லி சந்தித்தபோது பூஃபியே மூன்றாண்டுகளாக நட்டு வந்திருந்தார். அதுவரை ஊன்றியவை 1,00,000 கொட்டைகள். முளைத்தவை 20,000. எலி முதலியவற்றாலும், முன்னறிய முடியாத பிறவற்றாலும் இவற்றிலும் பாதி அழியும் என்று அவரே எதிர்பார்க்கிறார். எஞ்சுபவை 10,000 மரங்கள். நூற்றுக்குப் பத்து!

பின்னர் ஓராண்டு 10,000 மேப்பிள் கன்றுகளை நடுகிறார், அத்தனையும் பட்டுப்போகின்றன. அதனை மறைக்காமல், அம்மரத்தைக் கைவிட்டு அந்நிலத்திற்கு ஒத்த பீச் மரத்திற்கு மாறுகிறார். தம் ஆடுகள் இளங்கன்றுகளை மேய்ந்துவிடும் என்று கண்டதும், ஆட்டுமந்தையைக் குறைத்து நான்கை மட்டும் வைத்துக்கொண்டு தேனீ வளர்க்கிறார். மரத்திற்காகத் தம் பிழைப்பையே மாற்றிக்கொள்கிறார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

இனி நிறுவனங்களின் அறிக்கையை இதனருகே வைத்துப் பார்ப்போம். அங்கே முதலில் ஒளிரும் எண் நட்ட கன்றுகளின் எண். பத்தாம் ஆண்டில் நின்றவை எத்தனை என்னும் எண் அவ்விளம்பரங்களில் அரிதாகவே காணப்படும். கன்று நட்ட நாளில் புகைப்படக்காரர் வருகிறார். கன்று காய்ந்த நாளில் எவரும் வருவதில்லை. பூஃபியே 10,000 என்று சொல்லும் இடத்தில் அவர்கள் 1,00,000 என்று சொல்வர். இடையரின் கணக்கு இழப்பிலிருந்து தொடங்குகிறது. விளம்பரத்தின் கணக்கு இழப்பை மறப்பதிலிருந்து தொடங்குகிறது.

பூஃபியே எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டிய நிலையில் இல்லை என்பதையும் நோக்குக. ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கலாம். எனினும் அவர் கணக்கில் பொய் இல்லை. பிறரிடம் விலை பெற்றுக்கொண்டு நடுவோர்க்கு அக்கடமை எத்தனை மடங்கு மிகுதி!

'ஈடு' என்னும் சொல்

இந்த வாணிகத்தின் உயிர் 'ஈடு' என்னும் சொல்லில் இருக்கிறது. சொல்லை ஆராயாமல் பொருளைத் தீர்ப்பளிக்க இயலாது.

தமிழில் 'ஈடு' என்பதற்குப் பல பொருள்கள் உண்டு. 'ஈடிணையற்ற' என்னும்போது ஒப்பு என்பது பொருள். 'ஈடுசெய்தல்' என்னும்போது இழந்ததை நிரப்புதல். 'ஈடு வைத்தல்' என்னும்போது அடகு வைத்துக் கடன் பெறுதல். அரபு மொழியில் இதற்கு வழங்கும் 'தஃவீள்' என்னும் சொல்லோ, ஒன்றை எடுத்ததற்கு மாற்றாக மற்றொன்றைத் தருவதைக் குறிப்பது. இரு மொழிகளின் வழக்கிலும், இழப்புக்கு ஈடு என்றால் இழந்தவர் கையில் அது சேர வேண்டும் என்பது வெளிப்படை. என் வேலியை உடைத்தவர் மூன்றாம் தெருவில் உள்ள ஒருவருக்கு வேலி கட்டிக் கொடுத்துவிட்டு, எனக்கு ஈடு செய்துவிட்டதாகச் சொன்னால் நான் ஏற்பேனா?

காற்று எல்லார்க்கும் பொது. ஓரிடத்துப் புகையை வேறோரிடத்து மரம் உறிஞ்சினால் காற்றுக்கு வேற்றுமை இல்லையே என்று அவர்கள் விடை கூறுவர். விடையில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கரியமில வாயு உலகெங்கும் கலந்துவிடும் என்பதும், மரம் அதனை உண்டு வளர்கிறது என்பதும் மெய்யே. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. ஆகவே உலர்ந்த எடையில் ஒரு டன் மரம், ஏறத்தாழ 1.8 டன் கரியமில வாயுவைக் காற்றிலிருந்து வாங்கி வைத்திருக்கிறது எனலாம்.

எனினும் மறுபாதியில்தான் சிக்கல் உள்ளது. நிலக்கரி எரிய நிமிடங்கள் போதும். மரம் வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். எரித்தது இன்றே எரிந்தது. ஈடு நாளை வரும், நாற்பதாம் ஆண்டில் வரும் என்கிறார்கள். அடுத்து, நிலக்கரியிலுள்ள கரி கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் பூட்டிக் கிடந்தது. எரித்து வெளிவிட்டால், அதன் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றில் தங்கும். மரத்திலுள்ள கரியோ தீக்கும் கோடரிக்கும் கறையானுக்கும் புயலுக்கும் அஞ்சி நிற்பது. நிலையாகக் கிடந்த ஒன்றை எடுத்துவிட்டு, நிலையற்ற ஒன்றை அதன் இடத்தில் வைப்பது ஒப்பாகாது.

ஆகவே இங்கு 'ஈடு' என்பதற்கு ஒப்பு என்னும் பொருள் பொருந்தவில்லை. இழப்பை நிரப்புதல் என்னும் பொருளும் முழுதாகப் பொருந்தவில்லை. பொருந்துவது மூன்றாவது பொருளே. இன்னும் வளராத மரத்தை அடகு வைத்து, இன்றே எரிக்கும் உரிமையைக் கடனாகப் பெறுகிறார்கள். கடனைத் திருப்பும் பொறுப்போ அடகுக்காரர்மேல் இல்லை. அந்த மரத்தின்மேலும், அதனருகே வாழும் ஏழையின்மேலும் சுமத்தப்படுகிறது.

வாணிகத்தின் தொடக்கம்

இவ்வழக்கம் எவ்வாறு தொடங்கியது என்பதும் அறியத்தக்கது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில், ஏஇஎஸ் என்னும் மின்நிறுவனம் ஏறத்தாழ 180 மெகாவாட் ஆற்றலுள்ள நிலக்கரி மின்நிலையம் ஒன்றைக் கட்டியது. அந்நிலையம் தன் வாழ்நாளில் வெளியிடப்போகும் புகைக்கு ஈடாக, மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலாவில் 40,000 சிறு விவசாயிகளைக் கொண்டு 5 கோடியே 20 இலட்சம் மரங்களை நடுவதென 1988-இல் திட்டம் அறிவிக்கப்பட்டது. 'கேர்' என்னும் தொண்டு நிறுவனம் அதனை நடத்தியது. இவ்வகைத் திட்டங்களுக்கு இதுவே முன்னோடி எனக் கருதப்படுகிறது.

பத்தாண்டுகளுக்குப் பின் மதிப்பிட்டபோது, மரங்களில் சேர்ந்த கரி திட்டமிட்டதைவிட மிகக் குறைவு என்று தெரியவந்தது. அம்மின்நிலையமும் நாற்பதாண்டு ஓடவில்லை. 2011-இல் நொடித்துப்போய் மூடப்பட்டது. நிறுவனம் திவாலாகிவிட்டால் அதன் புகை திவாலாவதில்லை. அதற்கு அடகாக நின்ற மரங்களைக் காக்கும் கடமை இப்போது யாருடையது? இக்கேள்விக்கு விடை எழுதப்படாமலே எத்தனையோ ஒப்பந்தங்கள் எழுதப்பட்டுவிட்டன.

வெற்று நிலம் என்னும் கற்பனை

இனிக் கதையின் குறை ஒன்றையும் கூறியாக வேண்டும். நூலைப் போற்றுவது போலவே அதன் குறையைக் காட்டுவதும் திறனாய்வின் கடன்.

பூஃபியே நட்ட நிலம் யாருடையது? கதைசொல்லி இதனைக் கேட்கிறார். இடையருக்குத் தெரியவில்லை. பொது நிலமாக இருக்கலாம், அல்லது கவனிக்காமல் விட்டவர்களுடையதாக இருக்கலாம் என்று நினைக்கிறார். அறிந்துகொள்ளும் ஆவலும் அவருக்கில்லை. அழகிய அலட்சியம்! கதைக்கு அது பொருந்தும். ஏனெனில் அந்நிலத்தை ஆசிரியர் முன்னரே ஆளற்றதாக ஆக்கிவிட்டார்.

முற்றிலும் ஆளற்றதன்று என்பதைக் கூர்ந்து படிப்போர் காண்பர். மலைச்சரிவுகளில் மரக்கரி சுட்டுப் பிழைப்போர் வாழ்வதாகத் தொடக்கத்திலேயே வருகிறது. அவர்களை ஓயாது சண்டையிடும் கசந்த மனத்தினராக மட்டுமே ஆசிரியர் காட்டுகிறார். 1935-இல் அரசுக் குழு ஒன்று வந்து காட்டைப் பாதுகாப்பின்கீழ் கொணர்ந்து, கரி சுடுவதைத் தடை செய்கிறது. வனக்காவலர் மூவர் அமர்த்தப்படுகின்றனர். மரவெட்டிகள் தரும் மதுப்புட்டிக்கு மயங்காதபடி அவர்களை மேலதிகாரி அச்சுறுத்தி வைக்கிறார். கதை இதனை நன்மையாகவே கூறிச் செல்கிறது. கரி சுட்டுப் பிழைத்த குடும்பங்கள் அதன் பின் என்ன செய்தன? எங்கே சென்றன? ஜியோனோ சொல்லவில்லை. அந்த மௌனமே கதையின் ஒரே கறை. கதையின் மௌனம் வெளியுலகில் எவ்வாறு பேசும் என்பதற்கு உகாண்டாவில் விடை கிடைக்கிறது.

உகாண்டா, கென்யா எல்லையில் எல்கான் என்னும் மலை இருக்கிறது. நெதர்லாந்தின் மின்உற்பத்தி நிறுவனங்கள், தம் நிலக்கரிப் புகைக்கு ஈடாக மரம் நடுவதற்கென்று 1990-இல் 'ஃபேஸ்' என்னும் அமைப்பை நிறுவின. அவ்வமைப்பு 1994-இல் உகாண்டாவின் பூங்கா நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்து, எல்கான் மலைத் தேசியப் பூங்காவினுள் 25,000 ஹெக்டேரில் மரம் நட முனைந்தது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1993-இல்தான் அம்மலை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் பலர் வெளியேற்றப்பட்டிருந்தனர். 2002-இல் மீண்டும் வெளியேற்றம் நடந்தது. வெளியேற்றியது பூங்கா நிர்வாகமேயன்றி நெதர்லாந்தின் அமைப்பு அன்று என்பதை நேர்மைக்காகக் குறிக்க வேண்டும். எனினும் எவருடைய வயலாகவும் மேய்ச்சலாகவும் இருந்த மண்ணில் தம் மரங்கள் நிற்கின்றன என்பதைக் கேளாமல் நட்டது அவ்வமைப்பே.

அம்மலையின் பெனெட் மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2005-இல் அவர்கள் அங்கு வாழும் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. சுற்றுப்புறத்து மக்கள் ஈட்டுக்காக நட்ட மரங்களைப் பேரளவில் வெட்டிச் சாய்த்து, அவ்விடத்தில் மக்காச்சோளமும் அவரையும் விதைத்தனர். அவர்களை மரத்தின் பகைவர் என்று கூறுவது எளிது. தம் பிள்ளைகளின் சோற்றுக்கும், தாம் ஒருநாளும் பார்த்திராத ஒரு நாட்டின் புகைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் அவர்களை நிறுத்தியது யார் என்பதே கேட்கத்தக்க கேள்வி. வெட்டப்பட்ட மரத்தோடு ஈடும் போயிற்று. எரித்த கரியோ காற்றிலேயே இருக்கிறது.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. கதையில் 1933-ஆம் ஆண்டு வனக்காவலர் ஒருவர் வந்து, தானாக முளைத்த இந்த இயற்கைக் காட்டுக்கு ஆபத்து நேராதவாறு வெளியில் தீ மூட்டக்கூடாது என்று பூஃபியேயிடமே எச்சரிக்கிறார். நட்டவரிடமே நடாத காடு என்று சொல்லும் அந்நகைச்சுவை ஜியோனோவின் கைவண்ணத்திற்குச் சான்று. நம் காலத்தின் நகைச்சுவை அதனினும் கசப்பானது. 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கடும் வெயிலில், ஸ்பெயின் நாட்டின் அடேகா என்னும் ஊரருகே புகைக்கு ஈடான மரங்களை நடுவதற்கு நிலத்தைப் பண்படுத்திக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து எழுந்த தீப்பொறி பரவி, ஏறத்தாழ 14,000 ஹெக்டேர் நிலம் எரிந்துபோயிற்று. இடையர் இரும்புக் கோலால் குழியிட்டார். அவருக்கு அவசரமில்லை, ஆண்டறிக்கை எழுத வேண்டிய கடமையும் இல்லை.

மறுதரப்பின் நியாயம்

இத்தொழில் முழுவதும் வஞ்சகம் என்று கூறுவது நடுவுநிலையாகாது. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் 1997 முதல் நடந்துவரும் 'ஸ்கோலெல் தே' என்னும் திட்டத்தை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். செல்தால் மொழியில் அப்பெயருக்கு வளரும் மரம் என்பது பொருள். அங்கே பழங்குடி விவசாயிகள் தம் சொந்த நிலத்தில், தாமே வரைந்த திட்டத்தின்படி, காப்பிக்கும் மக்காச்சோளத்திற்கும் இடையே மரம் வளர்க்கின்றனர். தொகை ஒரேயடியாக வழங்கப்படாமல், மரம் நிலைப்பதைப் பார்த்துப் பல தவணைகளாக வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் அவர்களிடம் ஈடு வாங்கியவர்களுள் உலகக் கார்ப் பந்தயங்களை நடத்தும் அமைப்பும் ஒன்று.

இத்திட்டத்தால் அவ்விவசாயிகளுக்குக் கிடைத்த நன்மையை மறுப்பதற்கில்லை. நிலம் தம்முடையது, மரம் தம்முடையது, முடிவும் தம்முடையது. எல்கான் மலையில் இல்லாதிருந்த மூன்றும் இங்கே இருக்கின்றன. எனினும் விவசாயியின் நன்மை ஒன்று. பந்தயக் கார் விட்ட புகை மற்றொன்று. முன்னது மெய்யாக இருப்பதால் பின்னது இல்லாமற்போய்விடாது. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து, 'சரியாகிவிட்டது' என்று கூறும் அந்த ஒரு சொல்லையே நாம் மறுக்கிறோம். மரத்தையும் மறுக்கவில்லை, விவசாயிக்குச் சென்ற பணத்தையும் மறுக்கவில்லை.

மெய்யான பூஃபியே

ஜியோனோ கற்பனையில் படைத்த மனிதர்க்கு ஒப்பான ஒருவர் ஆப்பிரிக்காவில் மெய்யாகவே வாழ்ந்தார். புர்கினா ஃபாசோ நாட்டின் வடபகுதியில், வாகிகுயா நகரத்தை ஒட்டிய கூர்கா என்னும் சிற்றூரைச் சேர்ந்த யாகூபா சவடோகோ என்னும் விவசாயியே அவர். இளமையில் மாலி நாட்டில் குர்ஆன் பள்ளியில் பயின்றவர். பள்ளிக்கூடக் கல்வி வேறு பெறாதவர்.

1980-களின் தொடக்கத்தில் கொடும் வறட்சியால் மக்கள் ஊரைவிட்டு ஓடியபோது அவர் மண்ணைவிட்டு அகலவில்லை. 'ஸாய்' என்று வழங்கும் பழைய குழிமுறையை எடுத்துச் செம்மைப்படுத்தினார். காய்ந்து இறுகிய நிலத்தில், மழைக்கு முன்னரே, வழக்கத்திற்கு மாறாகக் கோடைக்காலத்தில் அகன்ற குழிகளைத் தோண்டி, எருவிட்டார். எருவை நாடிவந்த கறையான்கள் மண்ணைத் துளைத்து நெகிழச் செய்தன; மழைநீர் குழியில் தங்கியது; கம்பு விளைந்தது. எருவோடு வந்த மரவிதைகளும் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் காத்தார். பல ஆண்டுகளில் அது பல்வகை மரங்கள் அடர்ந்த காடாயிற்று. முதலில் ஊரார் அவரைப் பித்தர் என்றனர். அவர் காட்டுக்குத் தீயும் வைத்தனர். அவரோ தம் முறையை மறைக்காமல், தம் நிலத்திலேயே சந்தை நாள்கள் நடத்திப் பிற விவசாயிகளுக்குக் கற்பித்தார். 2018-இல் அவருக்கு 'சரியான வாழ்வுக்கான பரிசு' வழங்கப்பட்டது. 2023 டிசம்பரில் மறைந்தார்.

பூஃபியேக்கு இல்லாத தொல்லை ஒன்று இவருக்கு இருந்தது. நகரம் விரிந்தபோது, அவர் வளர்த்த காட்டின் மண் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. தாம் வளர்த்த காட்டைத் தாமே விலை கொடுத்து மீட்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது. உலகம் பரிசளித்துப் போற்றிய மனிதருக்கே தம் மரத்தடி மண்மேல் உறுதியான உரிமை இல்லை! நிலம் யாருடையது என்னும் கேள்வியை ஜியோனோவின் கதை புன்னகையோடு கடந்து சென்றது. மெய்யான வாழ்வில் அக்கேள்வியே முதற் கேள்வியாகவும் கடைசிக் கேள்வியாகவும் நிற்கிறது.

யாகூபாவின் மரங்கள் எந்த மின்நிலையத்தின் புகைக்கும் ஈடாக நடப்பெற்றவை அல்ல. ஊர் உண்ண வேண்டும், மண் பிழைக்க வேண்டும் என்பதற்காக வளர்ந்தவை. அதனாலேயே அவற்றைக் காக்க அங்கே ஓர் உள்ளம் இருந்தது. தன் பசிக்கும் தன் பிள்ளையின் நிழலுக்கும் உதவும் மரத்தை மனிதன் காப்பான். எங்கோ இருக்கும் ஒருவரின் கணக்குப் புத்தகத்திற்காக நிற்கும் மரத்தைக் காவலர்தாம் காக்க வேண்டும்.

தீர்ப்பு

கதையை முழுமையாகப் படித்தோர்க்கு அது புகைவாணிகத்தின் சாட்சி அன்று என்பது விளங்கும். பூஃபியே தாம் செய்த தீங்கு எதற்கும் மறைப்பாக மரம் நடவில்லை. நட்டதை விற்கவில்லை. இழந்ததை மறைக்கவில்லை. மரத்திற்காகத் தம் பிழைப்பை மாற்றிக்கொண்டார்; இன்றைய நிறுவனங்களோ பிழைப்பை மாற்றாதிருப்பதற்காகவே மரம் நடுகின்றன. இந்த ஒரு வேற்றுமையில் எல்லாம் அடங்கும்.

சொல்லின் பிழையைச் சட்டமும் உணரத் தொடங்கியிருக்கிறது. தம்மிடம் எண்ணெய் வாங்கிக் கார் ஓட்டினால் புகைக்கு ஈடாகிவிடும் என்று ஷெல் நிறுவனம் செய்த விளம்பரம் மக்களைத் தவறான எண்ணத்திற்கு உள்ளாக்குவது என்று 2021-இல் நெதர்லாந்தின் விளம்பர ஒழுங்குக் குழு தீர்ப்புக் கூறிற்று. ஈடு வாங்கியதைக் காட்டித் தம் பொருளால் சூழலுக்குத் தீங்கே இல்லை என்று கூறுவதைத் தடைசெய்யும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றியது. மரம் நடுவதை அச்சட்டம் தடுக்கவில்லை. பொய் சொல்வதையே தடுக்கிறது.

நிறுவனங்கள் மரத்திற்குப் பணம் தரட்டும். ஏழை விவசாயிக்குத் தரட்டும். அதனைக் கொடை என்று அழைக்கட்டும். கொடைக்குப் பதிலாகத் தன் புகையை மன்னிக்குமாறு கேட்பவர் கொடையாளர் ஆகார். புகையைக் குறைக்கும் கடமை புகைவிடுவோரிடமே இருக்கட்டும். அதனைப் பிறர் தோளில் ஏற்ற வேண்டா.

நம் வீடுகளிலும் இவ்வினா வந்து நிற்கிறது. விமானச் சீட்டு வாங்கும்போது, சிறு தொகை சேர்த்துச் செலுத்தினால் பயணத்தின் புகைக்கு ஈடாக மரம் நடப்படும் என்னும் அறிவிப்பைக் காண்போர் உளர். அவர்கள் மூன்று கேள்விகள் கேட்பது நன்று. அம்மண் யாருடையது? நட்டவற்றுள் பத்தாம் ஆண்டில் நின்றவை எத்தனை? மரத்தின் பயன் முதலில் யார் வீட்டிற்குச் செல்கிறது? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் கொடுக்கலாம், மனமாரக் கொடுக்கலாம். ஆனால் கொடுத்த பின்னும் பயணத்தின் புகை நம் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

1,00,000 ஊன்றி 10,000 என்று எண்ணிய அந்த இடையர் கற்பனையில் பிறந்தவரே. எனினும் அவர் கணக்கில் பொய் இல்லை. மெய்யாக வாழ்வோர் எழுதும் கணக்கும் அவ்வாறே அமைதல் வேண்டும்.